வாசற்படியில் நிற்கும் சட்டம்

மண்சுவரும் ஓலைக்கூரையும் உடையதாயினும், வாழ்வோனுக்கு அவன் வீடே அரண். அவ்வரணின் வாசலைக் கடந்து அரசின் கை உள்ளே வர வேண்டுமாயின் அதற்குக் காரணம் வேண்டும். அக்காரணம் ஏட்டில் எழுதப்பட வேண்டும். எழுதியவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். சோதனை பற்றிய சட்டக் காப்புகளின் சாரம் இம்மூன்றே. அதுபோலவே, ஒருவர் வாயிலிருந்து வரும் சொல் வழக்கில் பயன்பட வேண்டுமாயின் அது அச்சமின்றிச் சொல்லப்பட்டதாதல் வேண்டும். சொன்னது சொன்னவாறே எழுதப்படுதல் வேண்டும். வாக்குமூலம் பற்றிய காப்புகளின் சாரம் இது.

நம் மக்களுள் வாரண்டு என்னும் சொல்லைக் கேளாதார் இலர். ஆயினும் அந்த வாரண்டைக் கையில் வாங்கிப் படித்துப் பார்த்தவர் மிகச் சிலரே. கேட்டறிந்த சொல்லுக்கும் படித்தறிந்த தாளுக்கும் இடையே உள்ள இத்தொலைவில்தான் எத்தனையோ குடும்பங்கள் இன்னலுற்றன. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்தாம் ஆண்டைக் காணும் இவ்வேளையில், அத்தாள்களின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது தக்கதென்று கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

பெயரில்லா வாரண்டும் அதன் வீழ்ச்சியும்

ஒருவர் இல்லம் அவர்க்குக் கோட்டை போன்றது என்னும் கருத்து, 1604ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தீர்ப்பான செமைன் வழக்கிலேயே இடம்பெற்றது. ஆயினும் அதன் பின்னும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம், அமைச்சர்கள் தம் கையொப்பமிட்ட பொது வாரண்டுகளைக் கொண்டு தமக்கு வேண்டாதாரின் வீடுகளைச் சோதித்து வந்தனர். பொது வாரண்டு என்பது யாரைப் பிடிப்பது, எந்த வீட்டில் நுழைவது என்று பெயர் குறிக்காத ஆணை. அது கையிலிருந்தால் ஏவலர் எவர் கதவையும் தட்டலாம்.

1762ஆம் ஆண்டு நவம்பரில், ஜான் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டில் அரச ஏவலர் நால்வர் நுழைந்தனர். அரசை எதிர்த்து எழுதிய வார ஏடொன்றில் அவர்க்குப் பங்குண்டு என்பது குற்றச்சாட்டு. அவர்கள் பூட்டுகளை உடைத்தனர், பெட்டிகளைத் திறந்தனர், நான்கு மணி நேரம் தேடித் தாள்களை அள்ளிச் சென்றனர். அவர்கள் கையிலிருந்தது ஹாலிபாக்ஸ் பிரபு என்னும் அமைச்சர் தந்த வாரண்டு. அதில் என்டிக்கின் பெயர் இருந்தது. ஆனால் எந்தத் தாளை எடுப்பது என்ற வரையறை இல்லை. மறு ஆண்டிலோ, ஜான் வில்க்ஸ் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் வெளியிட்ட இதழொன்றின் பொருட்டு, பெயரே குறிக்காத வாரண்டைக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர்.

இருவரும் அஞ்சி ஒடுங்கவில்லை. ஏவலர் மீதே வழக்குத் தொடுத்தனர். 1765ஆம் ஆண்டு கேம்டன் பிரபு என்டிக் வழக்கில் தீர்ப்பளித்தார். இவ்வாறு சோதிக்க அதிகாரமளிக்கும் சட்டம் ஏதேனும் உண்டாயின் அதைக் காட்டுக. காட்ட இயலாதாயின் அத்தகைய சட்டம் இல்லை. அரசின் தேவை என்று கூறுவது மட்டுமே சட்டமாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. என்டிக்குக்கு 300 பவுன் இழப்பீடு கிடைத்தது. 1766ஆம் ஆண்டு பொது வாரண்டுகள் சட்டத்திற்குப் புறம்பானவை என்று பாராளுமன்றத்தின் மக்கள் சபையும் தீர்மானித்தது. இக்காப்பு அரசர் மனமிரங்கி அளித்த கொடையன்று. வீடு உடைக்கப்பட்டவர்கள் வழக்காடிப் பெற்ற உரிமை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

சத்தியம் என்னும் இருமுனைக் கத்தி

சத்தியப் பிரமாணத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஸ்டார் சேம்பர் என்னும் மன்றம், குற்றம் இன்னதென்று கூறாமலே ஒருவரைச் சத்தியம் செய்யவைத்துப் பின்னர் வினவும் வழக்கமுடையது. உண்மை சொன்னால் தண்டனை. பொய் சொன்னால் சத்தியத்தை மீறிய பழி. 1637ஆம் ஆண்டு ஜான் லில்பர்ன் என்னும் இளைஞர் அச்சத்தியத்தைச் செய்ய மறுத்தார். அதற்காக அவர் தெருவில் கசையடி பட்டார், சிறையிலும் வாடினார். ஆனால் 1641ஆம் ஆண்டு அம்மன்றமே ஒழிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தலாகாது என்னும் நெறி வேரூன்றியதில் அவர்க்குப் பெரும் பங்குண்டு. நம் அரசமைப்பின் 20ஆம் உறுப்பின் மூன்றாம் பிரிவு இந்நெறியையே கூறுகிறது.

எளியவன்மேல் திணிக்கப்பட்ட சத்தியம் கொடுமையாயிற்று. அதே சத்தியத்தை அதிகாரியின்மேல் வைத்தால் அது காப்பாகும். இதைச் செய்து காட்டியது அமெரிக்கா. 1761ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில், சுங்க அதிகாரிகள் எவ்வீட்டிலும் நுழைய இடந்தந்த ஆணைகளை எதிர்த்து ஜேம்ஸ் ஓடிஸ் என்னும் வழக்கறிஞர் வாதாடினார். அவர் வழக்கில் வெல்லவில்லை. அவர் கருத்து வென்றது. 1791ஆம் ஆண்டு அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம், தக்க காரணமின்றியும், அக்காரணம் சத்தியத்தினாலோ உறுதிமொழியினாலோ வலியுறுத்தப்படாமலும், இடத்தையும் பொருளையும் தனித்துக் குறிக்காமலும் வாரண்டு பிறப்பிக்கலாகாது என்று விதித்தது. சோதனை ஆணையும் சத்திய வாக்குமூலமும் ஒரே விதியில் இணைந்த வரலாறு இதுவாகும்.

சென்னை மாகாணத்தில் நிகழ்ந்தது

இனி நம் நாட்டிற்கு வருவோம். கும்பினி ஆட்சியில் நிலவரி வசூலும் காவல் பணியும் தாசில்தார் கச்சேரியிலேயே ஒன்றாயிருந்தன. வரி கொடாதவனும் களவு செய்தான் என்று ஐயுறப்பட்டவனும் ஒரே கையால் அடிபட்டனர். 1854ஆம் ஆண்டு இலண்டன் பாராளுமன்றத்தில் இது குறித்து வினா எழுந்ததன் பயனாகச் சென்னையில் சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. 1855ஆம் ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, கைவிரல்களை நெரிக்கும் ‘கிட்டி’யையும், கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தவாறே நிறுத்தும் ‘அண்ணாந்தா’ளையும் பெயர் சொல்லியே பதிவு செய்தது. கார்ல் மார்க்ஸ் 1857ஆம் ஆண்டு நியூயார்க் நாளேடொன்றில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதினார்.

அதன் பின்னர் 1859ஆம் ஆண்டின் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் காவல்துறை வருவாய்த் துறையினின்றும் பிரிக்கப்பட்டது. 1861ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம், காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. அவ்விதி 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாயிற்று. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அது நிற்கிறது. இம்மண்ணின் குடியானவர் விரல்கள் நெரிபட்ட வரலாறும் அப்பிரிவின் பின்னே உண்டு என்பதை நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் மறத்தலாகாது.

ஆயினும் காப்புகள் அனைவரையும் ஒருங்கே சென்றடையவில்லை. 1871ஆம் ஆண்டு பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டின் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகத்தார், தனித்தனியே குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே, பிறப்பினாலேயே ஐயத்திற்குரியோர் எனப் பதிவு செய்யப்பட்டனர். ‘தக்க காரணம்’ என்னும் சொல்லின் இடத்தில் சாதியின் பெயர் எழுதப்பட்டதாகவே நாம் இதைக் கொள்ள வேண்டும். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டிலும், நாடு முழுவதும் 1952ஆம் ஆண்டிலும் ஒழிந்தது.

அண்ணல் எழுதிய விதி

இவ்வரலாற்றை நன்கு உணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1947ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அரசமைப்பு அவையின் பார்வைக்காக அவர் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் வரைவை ஆக்கினார். பட்டியல் சாதியினரின் உரிமைகளுக்காக எழுதப்பட்ட அவ்வரைவில், முறையற்ற சோதனையினின்றும் பறிமுதலினின்றும் மக்களையும் அவர்தம் வீடுகளையும் தாள்களையும் காக்கும் விதியை, அமெரிக்கத் திருத்தத்தின் வழியிலேயே அடிப்படை உரிமையாக அவர் சேர்த்தார். தனிக்கிணறும் தனிக்குடியிருப்புமாக ஒதுக்கப்பட்ட மக்களுக்காக உரிமைப் பட்டியல் எழுதப் புகுந்தவர், வீட்டு வாசலின் காப்பையும் அப்பட்டியலில் வைத்தார் என்பது எண்ணத்தக்கது.

அரசமைப்பு அவையில் இக்கருத்திற்கு எதிர்ப்பும் இருந்தது. அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் போன்ற சட்ட வல்லுநர்கள், புலனாய்வுக்கு இது தடையாகும் என்று கருதினர். விதி கைவிடப்பட்டது. 1948ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், காஜி சையது கரீமுத்தீன் என்னும் உறுப்பினர் அதே கருத்தைத் திருத்தமாகக் கொணர்ந்தார். குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இக்காப்பு ஏற்கெனவே உள்ளதெனினும், சட்டமன்றத்தின் கை எட்டாத இடத்தில் அதை வைப்பது நன்று என்னும் கருத்தில் அண்ணல் அத்திருத்தத்தை ஏற்க இசைந்தார். ஆனால் அவையில் மறுப்பு எழுந்து வாக்கெடுப்புத் தள்ளிவைக்கப்பட்டது; பின்னர்த் திருத்தம் தோல்வியுற்றது.

அதன் விளைவு 1954ஆம் ஆண்டு வெளிப்பட்டது. எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள், அமெரிக்கத் திருத்தம் போன்றதோர் உரிமையை நம் அரசமைப்பை ஆக்கியோர் வைக்கவில்லை என்று சுட்டினர். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, தனிமறைவுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்து, அதற்கு மாறான அளவில் முந்தைய தீர்ப்பை நீக்கினர். அத்தீர்ப்பில் அண்ணலின் 1947ஆம் ஆண்டு வரைவும் நினைவுகூரப்பட்டது. எழுதி வைத்த சொல் எழுபது ஆண்டுகள் காத்திருந்து பயன் தந்த வரலாறு இது.

இன்று வாசலில் கேட்க வேண்டியவை

2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல், பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதீய சாக்ஷ்ய அதிநியமும் நடைமுறையில் உள்ளன. பிரிவு எண்கள் மாறினும் காப்புகள் பெரும்பாலும் தொடர்கின்றன.

நீதிமன்றம் சோதனை ஆணை பிறப்பிக்கலாம். இது 96ஆம் பிரிவு. ஆணையைக் காட்டினால் வீட்டார் வழிவிட வேண்டும். ஆணையின்றியும் காவல் அதிகாரி அவசரத்தில் சோதிக்கலாம். ஆனால் 185ஆம் பிரிவின்படி, தாம் நம்புவதற்கான காரணத்தையும் தேடும் பொருளையும் அவர் முன்னதாகவே எழுத வேண்டும். அப்பதிவின் படியை 48 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அண்ணல் விரும்பிய விதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்க: அங்கே அதிகாரியின் காரணம் சத்தியத்தின் மேல் நிற்க வேண்டும், இங்கே அவர் தம் கையால் தாமே எழுதிக்கொண்டால் போதும். ஆதலின் பின்வரும் காப்புகளை நாம் உறுதியாகப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

103ஆம் பிரிவின்படி, அப்பகுதியில் வாழும், சார்பற்ற, மதிப்புக்குரிய இருவரேனும் சாட்சிகளாக இருத்தல் வேண்டும். மதிப்புக்குரியவர் என்பதற்குச் சாதியையோ சொத்தையோ சட்டம் அளவுகோலாக வைக்கவில்லை. சோதிக்கப்படும் இடம் அமைந்த பகுதியினர் என்றே அது கூறுகிறது. நம் தெருவில் சோதனை நடந்தால் நம் தெருவினர் சாட்சியாக நிற்கத் தகுதியுடையவரே. அப்பகுதியில் எவரும் கிட்டாதபோதும் இசையாதபோதும்தான் வேறிடத்தாரை அழைக்க இடமுண்டு. வீட்டுக்குரியவர் சோதனையின்போது உடனிருக்கலாம். எடுத்த பொருள்களுக்கெல்லாம் பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். நாம் மகஜர் என்று வழங்குவது இதனையே. அதன் படி வீட்டாருக்குத் தரப்பட வேண்டும். பெண்ணின் உடலைப் பெண்ணே, நாகரிகம் பேணிச் சோதிக்க வேண்டும். புதிய 105ஆம் பிரிவின்படி சோதனை முழுவதும் ஒலி ஒளிப் பதிவு செய்யப்பட்டு மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பப்பட வேண்டும்.

இவ்விதிகள் மீறப்பட்டால் கைப்பற்றிய பொருள் உடனே பயனற்றுப்போகும் என்று எண்ணிவிடலாகாது. சோதனை முறையற்றதாயினும், அதில் கிடைத்த பொருளை அக்காரணத்தால் மட்டும் சாட்சியமாகக் கொள்ள மறுக்க வேண்டுவதில்லை என்று 1973ஆம் ஆண்டு பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே பிழையை அன்றே சுட்டி, பட்டியலின் படியைக் கேட்டுப் பெற்று, நடந்ததை நாளும் நேரமுமாக எழுதி வைத்தலே நம் வலிமை.

வாக்குமூலமும் கையொப்பமும்

காவலர் சாட்சிகளை வினவி எழுதும் வாக்குமூலத்தில், சொன்னவர் கையொப்பமிடலாகாது என்பது 181ஆம் பிரிவின் விதி. இதனை அறியாது கையொப்பமிட்டோரும் கைநாட்டு வைத்தோரும் நம்மில் பலர். வெற்றுத் தாளில் இடும் கைநாட்டு, தன் நாவைப் பிறன் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும். பெண்களையும், 15 வயதுக்குட்பட்டோரையும், 60 வயதைக் கடந்தோரையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வாழும் இடத்தை விட்டு வேறிடத்திற்கு வரச்சொல்லி வற்புறுத்தலாகாது. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஆயினும் அதன் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாகலாம். ஒப்புதலைப் பதியும் மாஜிஸ்திரேட், ஒப்புதல் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று முதலில் விளக்கியாக வேண்டும். தர விரும்பவில்லை என்று கூறினால், அவரை மீண்டும் போலீஸ் காவலுக்கு அனுப்பலாகாது.

நாம் முறையிடும் தரப்பாக நிற்கும்போது சத்தியம் நம்மேல் வருகிறது. காவல் நிலையம் புகாரை ஏற்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதன் பின்னும் பயனில்லையேல் பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். பிரமாணப் பத்திரம் வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு பிரியங்கா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதே இப்போது சட்டமாகியுள்ளது. சத்தியத்தின் மீது சொல்லும் பொய் தண்டனைக்குரிய குற்றம். ஆதலின் கண்டதைக் கண்டவாறும் கேட்டதைக் கேட்டவாறும் மட்டுமே நம் மக்கள் எழுத வேண்டும். உண்மையான கொடுமையோடு ஒரு சிறு மிகையைச் சேர்த்தாலும், எதிர்த்தரப்பார் அம்மிகையைப் பற்றிக்கொண்டு முழு உண்மையையும் கவிழ்த்துவிடுவர்.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்கு மேலும் ஒரு காப்பைத் தருகிறது. 2015ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட அதன் நான்காம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொல்லி எழுதப்பட்ட புகாரை, கையொப்பம் பெறுமுன் சொன்னவர்க்குப் படித்துக் காட்டுவதும், முதல் தகவல் அறிக்கையின் படியை உடனே தருவதும் அதிகாரியின் கடமைகள். அக்கடமைகளை வேண்டுமென்றே புறக்கணித்தல் தண்டனைக்குரியது.

இவற்றால் பயனுண்டோ என்று ஐயுறுவோர் வாச்சாத்தியை எண்ணுக. 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தருமபுரி மாவட்டத்து அப்பழங்குடிச் சிற்றூரில், கடத்தப்பட்ட சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவலரும் வருவாய்த் துறையினரும் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். தேடுதல் என்னும் சொல் வரம்பிழந்தால் யாதாகும் என்பதற்கு அதுவே சான்று. அப்பெண்கள் அஞ்சாது சாட்சி கூறினர். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பத்தொன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய அந்த ஏழைப் பெண்களின் வாக்குமூலம், சீருடை அணிந்த நூற்றுக்கணக்கானோரின் மறுப்பை வென்றது.

இளைஞர்களே! இலண்டன் எழுத்தாளரும் வாச்சாத்திப் பெண்களும் காலத்தாலும் நாட்டாலும் வேறுபட்டோர். வீடு உடைக்கப்பட்டபின் வாய்மூடி இருக்க மறுத்தமையே அவர்தம் ஒற்றுமை. நம் தெருவில் ஒருவரேனும் வாரண்டைப் படிக்கவும், மகஜரின் படியைக் கேட்கவும், எழுதியதைப் படித்துக் காட்டுமாறு பணிவோடும் உறுதியோடும் சொல்லவும் வல்லவராதல் வேண்டும். படித்த நீங்கள் படியாத பெரியோர் அருகில் நில்லுங்கள். அவர்கள் கைநாட்டு வைக்குமுன் ஒவ்வொரு வரியையும் அவர்க்குப் படித்துச் சொல்லுங்கள். நம் சங்கம் கால்நூற்றாண்டாக ஊட்டிவரும் எழுத்தறிவு அத்தொண்டிலும் பயன்படுவதாக.